மணம் போக அரைப்பது எப்படி?

'எங்கள் வீட்டில் சாம்பார்ப் பொடி வீட்டிலேயே அரைப்பதுதான்' என்று நாலு பேர் முன்னால் சொல்லிக்கொள்ளும் பெருமை வேண்டும். சாம்பாரில் மணம் மட்டும் இருக்கக் கூடாது. இரண்டும் சேர்ந்து கிடைக்குமா என்று கவலைப்படாதீர்கள், கிடைக்கும். பாதி வேலையை நீங்கள் ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருக்கிறீர்கள். மீதியை முறையாகச் சொல்லித் தருகிறேன். எழுதி வைத்துக்கொள்ள வேண்டாம். எழுதினால் அளவு சரியாக வந்து தொலைக்கும்.

1. அளவை அம்மாவிடம் போனில் கேளுங்கள்.

அம்மா சொல்வது பத்துப் பேர் பந்தி போட்டுச் சாப்பிட்ட வீட்டின் அளவு. உங்கள் வீட்டில் இருப்பது இரண்டு பேர், அதில் ஒருவருக்கு இரவில் ஓட்ஸ். இருந்தாலும் ஒரு கைப்பிடி கூடக் குறைக்காதீர்கள். முழுத் தனியா தன் மணத்தைத் தோலுக்குள் பூட்டி வைத்திருக்கும். அரைத்த கணத்திலிருந்து அது காற்றோடு கிளம்பிவிடும். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் இரண்டு மூன்று மாதத்துக்கு மட்டும் அரைத்துக்கொள்கிறார்கள். நீங்கள் ஒன்றரை வருடத்துக்கு அரையுங்கள். மில்லுக்கு ஒருமுறை போனால் போதும் என்பதைச் சிக்கனம் என்று அழையுங்கள்.

2. எடை போடாதீர்கள்.

தனியா அரை கிலோ என்றால் மிளகாய் வற்றல் கால் கிலோ என்பது பல வீடுகளில் புழங்கும் கணக்கு. துவரம் பருப்பும் கடலைப் பருப்பும் நூறு நூறு கிராம், மிளகு ஐம்பது, வெந்தயம் அதற்கும் கீழே. இது தராசுக் கணக்கு. நீங்கள் காபி டம்ளரால் அளந்து போடுங்கள். டம்ளரில் திணித்த மிளகாயில் பெரும்பகுதி காற்று, தனியாவில் அவ்வளவு இல்லை. ஆகவே ஒவ்வொரு முறையும் காரம் வேறு மாதிரி வரும். இதற்குக் 'கைமணம்' என்று பெயர் சொல்லிச் சமாளிக்கலாம். வெந்தயத்துக்கு மட்டும் டம்ளர் தேவையில்லை. அம்மா 'கொஞ்சம்' என்றார் அல்லவா, அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்பதை உங்கள் தாராள மனசு முடிவு செய்யட்டும்.

3. கடையில் கண்ணை மட்டும் நம்புங்கள்.

மிளகாயில் சிவப்பானதைப் பொறுக்குங்கள். கர்நாடகத்துப் பியாடகி நிறத்துக்குப் பேர் போனது, காரம் குறைவு. குண்டூர் மிளகாய் காரத்துக்கு. 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற ராமநாதபுரம் குண்டு மிளகாய் இன்னொரு ரகம். இதையெல்லாம் கடைக்காரரிடம் கேட்டால் பொறுமையாகச் சொல்லிவிடுவார். ஆகவே கேட்காதீர்கள்.

மஞ்சளில் பளபளவென்று மின்னுவதை எடுங்கள். விரளி மஞ்சளுக்கு மினுக்கம் ஏற்ற லெட் குரோமேட் என்னும் ஈயச் சாயத்தைப் பூசும் பழக்கம் உண்டு. அப்படிப்பட்ட கிழங்கைத் தண்ணீரில் போட்டால் நிறம் சட்டென்று கழன்று இறங்கும். ஒரு தம்ளர் தண்ணீரில் முடிகிற சோதனை. செய்து தொலைத்துவிடாதீர்கள், மனசு கஷ்டப்படும். அவசரத்தில் விரளிக்குப் பதில் முகத்துக்குப் பூசும் குண்டு மஞ்சளை வாங்கி வந்தாலும் பரவாயில்லை. மஞ்சள் மஞ்சள்தானே?

4. பெருங்காய டப்பாவின் பின்புறத்தைப் படிக்காதீர்கள்.

படித்தால் கோதுமை மாவு, கோந்து என்று வரிசையாக எழுதியிருக்கும். நடுவில் எங்கோ பெருங்காயமும் இருக்கும். ஆப்கானிஸ்தானிலிருந்தும் ஈரானிலிருந்தும் மலை தாண்டி வருகிற பிசின் அது. இந்தியாவில் அதைப் பயிரிட்டுப் பார்க்க இமாச்சலத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில் நாற்று நட்டதே 2020 அக்டோபரில்தான். அவ்வளவு பாடுபட்டு வந்ததை மூடி போடாமல் ஜன்னலோரம் வையுங்கள். கட்டிப் பெருங்காயம் என்றால் எண்ணெயில் பொரித்து உடைக்காமல் அப்படியே மூட்டைக்குள் எறிந்துவிடுங்கள். மில் இயந்திரத்தின் பல்லில் அது ஒட்டிக்கொள்ளும். உங்களுக்கு அடுத்து அரைக்க வருகிறவர்களுக்கு உங்கள் பெருங்காயம் இலவசம்.

5. ஐப்பசியில் காய வையுங்கள்.

பங்குனி, சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் பரப்பினால் ஒரு நாளிலேயே மிளகாயை ஆட்டும்போது உள்ளே விதை கலகலக்கும், காம்பு தானாக ஒடியும். அந்தப் பதம் நமக்கு ஆகாது. அடைமழைக்கு நடுவில் இரண்டு மணி நேரம் வெயில் எட்டிப் பார்க்கும் நாளைத் தேர்ந்தெடுங்கள். ஈர வேட்டி சொட்டுகிற கொடிக்கு அடியில் விரியுங்கள். மிளகாய் வளைய வேண்டும், முறியக் கூடாது. ஈரம் தங்கிய மிளகாயில் பூஞ்சை வரும். பூஞ்சையில் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு வரலாம், வறுத்தாலும் அது லேசில் போகாது. கறுத்துப்போன நாலைந்து மிளகாயைப் பார்த்துத் தூக்கி எறியத் தோன்றும். கிலோ என்ன விலை என்று நினைத்துப் பாருங்கள், கை தானாகப் பின்வாங்கிவிடும்.

6. எல்லாவற்றையும் ஒரே வாணலியில் கொட்டுங்கள்.

இதுதான் முக்கியமான பாடம். கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

பருப்பு சிவக்க நேரம் எடுக்கும். தனியாவுக்குக் கை பொறுக்கும் சூடு போதும். சீரகத்துக்கு அதுவும் அதிகம், சூடான வாணலியில் ஒரு புரட்டு. வெந்தயம் பொன்னிறம் தாண்டி அரை நிமிஷம் ஆனால் கசந்துவிடும். மிளகாயோ கண் அசந்தால் கறுத்து, தெருவையே இரும வைக்கும். ஆளுக்கொரு குணம் உள்ள இந்தக் கூட்டத்தைத் தனித்தனியாக வறுக்கச் சொல்வது பழைய முறை. நீங்கள் சேர்த்துக் கொட்டுங்கள். அடுப்பை முழு வேகத்தில் வையுங்கள். பருப்பு வெளியே கறுத்து உள்ளே பச்சையாக நிற்க வேண்டும். பச்சை வாடையும் தீய்ந்த வாடையும் ஒரே கரண்டியில் கிடைக்க இதைவிடச் சுலபமான வழி இல்லை. பாதி வெந்த பருப்பில் வண்டும் சீக்கிரம் குடியேறும். அது போனஸ்.

இப்போது வீடு முழுக்க மணக்கும். பக்கத்து வீட்டு அக்கா கதவைத் தட்டி, "என்ன, பொடிக்கு வறுக்கிறீங்களா?" என்பார். பூரித்துப் போங்கள். தனியாவின் மணத்துக்குக் காரணம் லினலூல் என்கிற எண்ணெய், சூட்டில் ஆவியாகிப் பறந்துவிடும். கூடத்தில் எவ்வளவு மணக்கிறதோ, பொடியில் அவ்வளவு குறைந்துவிட்டது என்று அர்த்தம். அக்காவை இன்னும் கொஞ்ச நேரம் பேச வையுங்கள், அடுப்பைக் குறைக்காமல்.

வறுத்து முடிந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு வாணலியிலேயே விட்டுவிடுங்கள். இரும்பு வாணலி உடனே ஆறாது. அது தன் பங்குக்குக் கொஞ்ச நேரம் வறுக்கும். தட்டில் கொட்டி ஆற வைப்பவர்களுக்கு இந்த உதவி கிடைக்காது.

7. கறிவேப்பிலையைக் கழுவி, ஈரம் சொட்டச் சேர்த்துவிடுங்கள்.

8. மில்லில் எதையும் கேட்காதீர்கள்.

உங்களுக்கு முன்னால் அதே இயந்திரத்தில் யார் என்ன அரைத்தார்கள் என்பது அவரவர் சொந்த விஷயம். கேழ்வரகாக இருக்கலாம், கோழித் தீவனமாக இருக்கலாம், சீயக்காயாகவும் இருக்கலாம். ஒரு கைப்பிடி பழைய அரிசியைக் கொடுத்து, 'முதல்ல இதை ஓட்டிடுங்கண்ணே' என்று சொன்னால் இயந்திரம் துடைத்துவிட்டது போல ஆகிவிடும். சொல்லாதீர்கள், கூச்சமாக இருக்கும். பின்னால் சாம்பார் கொதிக்கும்போது நுரை கொஞ்சம் தூக்கலாக வந்தால் பருப்பின் குணம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

9. மில் தூரம் என்றால் மிக்சி இருக்கிறது.

காலையில் தேங்காய்ச் சட்னி அரைத்த ஜாரே போதும். உரலில் தட்டி உடைக்காத முழு விரளி மஞ்சளை முதலில் போடுங்கள். பிளேடு உடைகிறதா மஞ்சள் உடைகிறதா என்று பார்த்துவிடலாம். விட்டு விட்டு ஓட்டாதீர்கள், ஒரே மூச்சில் ஜார் கொதிக்கும்வரை ஓட்டுங்கள். வாணலிக்குத் தப்பிய மணம் இங்கே போய்விடும். மூடியைத் திறக்கும்போது முகத்தை நேர் மேலே வைத்துக்கொள்ளுங்கள். மிளகாய்க் காரம் எண்ணெயில் கரையும், தண்ணீரில் கரையாது. எனவே கை எரிந்தால் எண்ணெய் தடவாமல் தண்ணீரில் கழுவுங்கள், பிறகு கண்ணைத் தேய்த்துவிடுங்கள். சலித்தபின் மிஞ்சும் கப்பியை மறுபடி அரைக்க வேண்டாம். பொடியிலேயே திரும்பக் கலந்துவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது, பல்லைத் தவிர?

10. சூடாக அடையுங்கள்.

மில்லிலிருந்து வரும் பொடி கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும். ஆற வைப்பது பொறுமைசாலிகளின் வேலை. சம்படத்தில் கழுத்துவரை அமுக்கி, மூடியை இறுக்குங்கள். மறுநாள் திறந்தால் மூடியின் உள்பக்கம் முத்து முத்தாக வேர்த்திருக்கும். அந்த நீர் பொடியிலேயே விழுந்து கட்டி கட்டியாகும். கட்டி விழுந்த பொடியை அளப்பது சுலபம், ஒரு சாம்பாருக்கு ஒரு கட்டி.

ஆற வைத்தே தீருவேன் என்று அடம்பிடிப்பவர்கள் செய்தித்தாளில் பரப்பலாம். அச்சு மை ஒட்டும், ஆகவே உணவைச் செய்தித்தாளில் மடிக்காதீர்கள் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் பலமுறை சொல்லியிருக்கிறது. நாம் மடிக்கவில்லையே, விரிக்கத்தானே செய்கிறோம்?

11. அடுப்புக்கு மேலே வையுங்கள்.

சூடு, ஈரம், வெளிச்சம், காற்று நான்கும் பொடிக்கு ஆகாது. நான்கும் ஒருசேரக் கிடைக்கிற இடம் வீட்டில் ஒன்றே ஒன்றுதான், அடுப்புக்கு மேல் தட்டு. பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்றில் நிரப்பி, அழகு தெரியும்படி அங்கே நிறுத்துங்கள். கொதிக்கிற குழம்புக்கு நேர் மேலே பாட்டிலைக் கவிழ்த்து உதறுங்கள், ஆவி உள்ளே ஏறட்டும். ஸ்பூன் போடுவதானால் ரசம் கலக்கிய ஸ்பூன். பெயர்ச் சீட்டு ஒட்டாதீர்கள். சாம்பார்ப் பொடி, ரசப்பொடி, வெறும் மிளகாய்ப் பொடி மூன்றும் ஆறாவது மாதத்தில் ஒரே பழுப்பாகிவிடும். எது எது என்று வாசனை பார்த்துக் கண்டுபிடிக்கலாமே என்பீர்கள். எந்த வாசனை?

12. பழியைப் புளி மேல் போடுங்கள்.

சாம்பார் சப்பென்று இருக்கும். பொடியைச் சந்தேகிக்காதீர்கள். 'இப்ப வர்ற பருப்பு சரியில்லை', 'தண்ணி மாறிடுச்சு', 'புளி புதுசு' என்று வரிசையாகச் சொல்லுங்கள். பிறகு இன்னொரு கரண்டி பொடி போடுங்கள். கசப்பு ஏறினால் வெல்லம், வெல்லம் ஏறினால் உப்பு, உப்பு ஏறினால் தண்ணீர். தண்ணீர் ஏறினால் மறுபடி பொடி. விருந்தாளி வருகிற நாளில் மட்டும், மளிகைக் கடையில் பத்து ரூபாய்க்குத் தொங்கும் சாம்பார்ப் பொடிப் பாக்கெட் ஒன்றைக் கிழித்து, கதவைச் சாத்திக்கொண்டு கலந்துவிடுங்கள். பாக்கெட்டை நாலாக மடித்துக் குப்பைக்கு அடியில் தள்ளுங்கள். "என்ன மணம், வீட்டுப் பொடின்னா வீட்டுப் பொடிதான்!" என்று அவர்கள் சொல்லும்போது தலையைத் தாழ்த்தி, "அம்மா அளவுங்க" என்று மட்டும் சொல்லுங்கள்.

13. பழசைப் புதுசோடு கலந்துவிடுங்கள்.

ஒன்றரை வருடம் ஆகியும் சம்படத்தில் கால்வாசி இருக்கும். மறுபடி அரைக்கும் நாளில் அதைக் கொட்டிவிடலாமே என்று ஒரு நொடி தோன்றும், அந்த நொடியை எப்படியாவது கடந்துவிடுங்கள். பாலுக்கு உறை ஊற்றுவது போலப் பழைய பொடியைப் புதுப் பொடிக்குள் ஊற்றிக் கலக்குங்கள். வண்டு இருந்தால் சலித்துக்கொள்ளலாம், முட்டை சல்லடையில் நிற்காது. சலித்த பொடியை மூன்று பொட்டலமாகக் கட்டுங்கள். ஒன்று வீட்டுக்கு. ஒன்று வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்கு, பெட்டியில் புடவைகளுக்கு நடுவே. மூன்றாவது சம்பந்தி வீட்டுக்கு. அதை முதலில் அனுப்பிவிடுங்கள். அவர்கள் நாகரிகமானவர்கள், நன்றாக இருந்தது என்றுதான் சொல்வார்கள்.