சுவரோரத்துச் சிறுபான்மை: ஓர் ஓட்டுவீட்டு எலியியல் ஆய்வு

எலியைப் பற்றி எழுத உனக்கு என்ன தகுதி என்று கேட்பவர்கள் உண்டு. பத்தாயத்தில் நெல்லும், பரணில் பழைய புத்தகமும், கிணற்றடி மாடத்தில் சோப்பும் வைத்திருப்பவன் என்ற தகுதியே போதும் என்பது இவ்வாய்வாளரின் பணிவான கருத்து. ஆய்வுக்களம் மன்னார்குடிக்குக் கிழக்கே வாய்க்கால் கரையோரம் நிற்கும் ஒரு நாட்டு ஓட்டு வீடு. முன்னால் திண்ணை, நடுவில் முற்றம், பின்னால் கொல்லை, கொல்லைக்கு அந்தப் பக்கம் வயல். ஆய்வுக்கருவிகள்: ஒரு டார்ச்லைட், ஓர் எலிக்கூண்டு, முதல்நாள் மசால்வடை. எந்தப் பல்கலைக்கழகமும் நிதி தரவில்லை. வடைச் செலவு அத்தையின் மளிகைக் கணக்கில் ஏற்றப்பட்டது.

இத்துறையின் முதல் சிக்கல் வகைப்பாடு. ராத்திரியில் ஓடுகிற, வால் உள்ள, கண்டதும் வீட்டில் ஒருவரையாவது நாற்காலிமேல் ஏற்றிவிடுகிற எதையும் நம் மக்கள் எலி என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். ஐரோப்பியத் தோட்டங்களில் பெயர்பெற்ற வோல் என்ற குட்டைவால் பிராணி காவிரிப் படுகையில் கிடையாது. அந்தக் குறை தெரியாமலிருக்க இயற்கை நமக்குப் பெருச்சாளியைக் கொடுத்திருக்கிறது. இந்த வீட்டில் வீட்டெலி, சுண்டெலி, பெருச்சாளி, மூஞ்சூறு என நான்கு தரப்பினர் குடியிருக்கிறார்கள். மனிதர்கள் ஐந்தாம் தரப்பு. வீட்டுவரி கட்டும் பொறுப்பு மட்டும் இவர்களுடையது. முதல் மூவரும் கொறிக்கும் குலத்தவர். நான்காமவர் எலியே அல்ல. அவர்மீது காலங்காலமாக நடந்துவரும் பொய்வழக்கைத் தள்ளுபடி செய்யக் கோருவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மேலிருந்து தொடங்குவோம். கைமரம், உத்திரம், பரண் மூன்றும் வீட்டெலியின் ஆட்சிப்பகுதி. தலையும் உடம்பும் சேர்ந்த நீளத்தைவிட வால் நீளம் என்பதால் துணிக்கொடியில்கூடச் சாயாமல் ஓடும். தென்னையில் ஏறிக் குரும்பையையும் இளங்காயையும் ஓட்டை போட்டுவிடும் என்றுதான் கொல்லை மரங்களுக்குத் தகரப்பட்டை அடித்திருக்கிறது. பசிக்காகத்தான் கடிக்கிறது என்று இரக்கப்படுபவர்கள் அதன் வாயைப் பார்த்ததில்லை. முன்பற்கள் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். எதையாவது கடித்துத் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பல்லின் முன்பக்கத்து எனாமலில் இரும்புச்சத்து உண்டு, ஆரஞ்சு நிறம் அதனால்தான். பின்பக்கம் மெத்து. ஒரு பக்கம் சீக்கிரம் தேய, மறுபக்கம் நிற்க, உளிபோல் கூர் தானாகவே ஏறிக்கொள்கிறது. எங்கள் நிலப் பத்திரத்தில் கிழக்கு எல்லையை அப்படியொரு உளி தின்றுவிட்டது. மற்ற மூன்று எல்லைகளுக்கும் ஒரு கீறல் இல்லை. அது பக்கத்து வயல்காரர் பழக்கி அனுப்பிய எலி என்பது சித்தப்பாவின் கருதுகோள். போதிய சான்று கிடைக்காததால் இவ்வாய்வு அதை நிலுவையில் வைக்கிறது.

எலியின் புத்திசாலித்தனம் பற்றிய இலக்கியம் பெருகிக் கிடக்கிறது. அதன் ஆணிவேர் வயிற்றில் இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. எலிக்கு வாந்தி எடுக்க முடியாது; உடலமைப்பே அப்படி. உள்ளே போனது போனதுதான் என்ற நிலையில் உள்ள எவரும் கல்யாண வீட்டில்கூட யோசித்துத்தான் சாப்பிடுவார். ஆகவே புதிய பண்டத்தை அது நுனியில் கடிக்கும், போய்விடும், உடம்பு ஒத்துக்கொண்டால்தான் மறுபடி வரும். உடனே வயிற்றைப் பிடிக்கும் பாஷாணத்தில் பிழைத்த எலி மறுபடி அந்தப் பக்கமே தலைவைக்காது. ரத்தம் உறையாமல் செய்து சில நாள் கழித்துக் கொல்லும் மருந்துகள் வந்ததற்குக் காரணம் இந்த நிதானம்தான். வீட்டாரின் நிதானமும் குறைந்ததல்ல. கூண்டு வைக்கப்போவதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, எலி காதில் விழுந்துவிடுமாம். “அதை எடுத்து அங்க வச்சுடுப்பா” என்பார் அத்தை. எதை, எங்கே என்று கேட்டால் முறைப்பார். இந்த ரகசியக் காப்பில் பாதிநாள் கூண்டே வைக்கப்படுவதில்லை.

சுண்டெலியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சிறியது, அரிசி மூட்டைக்குப் பின்னால் இருக்கும், பிடித்தால் எல்லோருக்கும் பாவமாக இருக்கும். பெருச்சாளியிடம் அந்தப் பாவம் செல்லாது. ஒரு கிலோ அளவுக்குக்கூட வளரும் பிராணி. ஏறுவதில் நாட்டமில்லை, தோண்டுவதில் அடங்காத நாட்டம். அங்கணத்துக்கு அடியில் நுழைந்து, மாட்டுக்கொட்டகையின் அஸ்திவாரத்தைச் சுரண்டி, வெளியே மண்ணைக் குவியலாகத் தள்ளிவைக்கும். நேருக்கு நேர் மாட்டிக்கொண்டால் ஓடாமல் முதுகுமயிரைச் சிலிர்த்துக்கொண்டு உறுமும். அப்போது ஆய்வாளர்தான் ஓடுவார். அரசியல் மேடைகளில் அதன் பெயர் படும் பாட்டை அது அறிந்திருந்தால் மானநஷ்ட வழக்குப் போட்டிருக்கும்.

இனி நம் கட்சிக்காரர். மூஞ்சூறு கொறிப்பதில்லை. அதன் வாயில் உளிப்பற்கள் இல்லை. பூச்சியின் ஓட்டை நொறுக்குவதற்கான சின்னஞ்சிறு கூர்பற்கள்தான். உறவுமுறையில் எலியைவிட முள்ளெலிக்கும் ஐரோப்பிய மோலுக்கும் நெருக்கம். 1758இல் வீட்டெலிக்கும் சுண்டெலிக்கும் ஒரே தவணையில் அறிவியல் பெயர் சூட்டிய லின்னேயஸ், நம்மூர் மூஞ்சூற்றை 1766 வரை காக்கவைத்தார். ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க அலைந்தவர்களுக்கு இந்த எட்டு வருடத்தின் அருமை தெரியும். ஆனாலும் சேர்த்தபோது சரியான குடும்பத்தில் சேர்த்தார், எலிகளோடு போடவில்லை.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு ராத்திரி, கொல்லைத் தாழ்வாரத்தில் உரலுக்குப் பக்கத்தில் கிடைத்த காட்சி இந்த வழக்கின் முக்கிய ஆவணம். சாம்பல் நிறத்தில் தாய் முன்னால் வந்தது. மூக்கு மட்டும் ஓயாமல் ஆடுகிறது. கண் இருக்கிறதா என்று தேட வேண்டும். அதன் வாலடி மயிரைப் பல்லால் கவ்விக்கொண்டு ஒரு குட்டி, அந்தக் குட்டியைக் கவ்விக்கொண்டு இன்னொன்று, அதற்குப் பின்னால் மூன்றாவது. சுவரை உரசியபடியே உரலைச் சுற்றி வளைந்தன. வளைவில் மூன்றாவது குட்டியின் பிடி விட்டுப்போனது. கீச்சென்று ஒரு சத்தம். மொத்த வரிசையும் நின்றது, தாய் பின்வாங்கியது, குட்டி மூக்கால் துழாவி வாலைக் கண்டுபிடித்துப் பல்லைப் பதித்தது, ஊர்வலம் கிளம்பியது. நடுவில் டார்ச் வெளிச்சம் அடித்ததை யாரும் பொருட்படுத்தவில்லை. பார்வையை நம்பி வாழாதவர்களுக்கு வெளிச்சம் ஒரு பொருட்டா?

சுவரோரமாகப் போவதை வைத்து இதைக் கோழை என்று எழுதியவர் ருட்யார்ட் கிப்ளிங். 1894இல் வந்த அவரது ஜங்கிள் புக் தொகுப்பில், கீரிப்பிள்ளைக் கதையில் வரும் சுச்சுந்திரா அறையின் நடுவுக்கு வரத் துணிவில்லாமல் அழுதுகொண்டே இருக்கும். கண் தெரியாதவர் கைப்பிடிச் சுவரைப் பிடித்து நடந்தால் அதைக் கோழைத்தனம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நோபல் பரிசு வாங்கியவர் சொன்னது என்பதற்காக விட்டுவிட முடியாது. இவ்வாய்வு தன் கண்டனத்தைப் பதிவு செய்கிறது.

நாற்றம் என்ற குற்றச்சாட்டை மறுப்பதற்கில்லை. விலாப்பக்கத்துச் சுரப்பியிலிருந்து வரும் அந்தக் கத்தூரி வாடை அலமாரிக்குள் நுழைந்தால் பட்டுப்புடவையைக் கேட்டுக்கொண்டு போகாது. ஆனால் அது அதன் உயிர்க்காப்பு. எங்கள் பூனை வீட்டெலியை வால்வரை முடித்துவிடும். மூஞ்சூற்றைக் கொன்றாலும் வாசலில் போட்டுவிட்டு, ஏமாந்த முகத்தோடு பாலுக்கு வந்து நிற்கும். சத்தம் பற்றியும் ஒரு குறிப்பு: சீனர்கள் அந்தக் கீச்சொலியைக் காசு குலுங்கும் ஓசையாகக் கேட்டு, அது வந்தால் பணம் வரும் என்று மகிழ்கிறார்கள். எங்கள் வீட்டில் வருவது துடைப்பம்.

துடைப்பம் ஓங்கப்படும், ஆனால் இறங்காது. இதுதான் இத்துறையின் வியப்பு. “டேய், அதை அடிக்காத, புள்ளையார் வாகனம்” என்று அத்தை குரல் கொடுத்துவிடுவார். பெருச்சாளிக்குக் கடப்பாரை, வீட்டெலிக்குக் கூண்டு, மூஞ்சூற்றுக்கு மன்னிப்பு. கரப்பான்பூச்சியைத் தின்று தீர்ப்பவரைக் காப்பாற்றும் சட்டம் எந்தப் பாடநூலையும் படிக்காமல் இந்த வீட்டில் அமலில் இருக்கிறது. அதற்குச் சொல்லப்படும் காரணம் வேறு, அவ்வளவுதான்.

வாகனம் எது என்ற கேள்வி மட்டும் ஆய்வாளர்களைத் தூங்கவிடாது. பேச்சில் எல்லோரும் மூஞ்சூறு என்கிறார்கள். ஆற்றங்கரைப் பிள்ளையாருக்கு எதிரே கல்லில் உட்கார்ந்திருப்பதோ பெரிய காதும் தடித்த உடம்புமாகப் பெருச்சாளியின் சாடையில் இருக்கிறது. கையில் கொழுக்கட்டை வேறு. புழு பூச்சியை முதன்மை உணவாகக் கொண்டவருக்குக் கொழுக்கட்டையில் இத்தனை ஈடுபாடு இருப்பது சந்தேகத்துக்குரியது. இன்னொரு சான்று ஜப்பானிலிருந்து. 1980களின் பிற்பகுதியில் அங்குள்ள ஆய்வாளர்கள் மூஞ்சூற்றை ஆடும் மேடையில் வைத்து முன்னும் பின்னும் அசைத்துப் பார்த்தார்கள். அதற்கு வாந்தி வந்தது. எலிக்கு வராத வாந்தி இதற்கு வருவதால், பயணத்தில் வரும் குமட்டலுக்கும் வாந்தியைத் தடுக்கும் மருந்துகளுக்கும் ஆராய்ச்சிப் பிராணியாக அது வேலையில் சேர்ந்தது. ஆக, கொஞ்சம் ஆட்டினாலே தலைசுற்றும் ஒருவரைத்தான் பிரபஞ்சம் சுற்றக் கிளம்பும் யானைமுகத்தானுக்கு வாகனமாக நியமித்திருக்கிறோம். அவர் அம்மையப்பனைச் சுற்றி வந்தே பழத்தை வாங்கிக்கொண்டது ஏன் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் இருப்பதாகத் தெரியவில்லை.

வயல் பக்கமும் ஒரு நடை போய்வர வேண்டும். வீட்டிலுள்ள எலிகளுக்கு ஆள்சேர்ப்பு அங்கிருந்துதான். தை, மாசியில் சம்பா அறுப்பு முடிந்து வயல் மொட்டையானதும் வரப்பில் வளை வைத்திருந்தவர்கள் வைக்கோல்போர் வழியாகக் கொல்லைக்குக் குடிபெயர்கிறார்கள். வரப்பெலி கதிரை அறுத்து வளைக்குள் சேமிக்கும் பழக்கமுள்ளது. செங்கற்பட்டு, திருவள்ளூர் பக்கத்து இருளர்கள் வளையைத் தோண்டி எலியோடு அந்த நெல்லையும் எடுப்பார்கள். எங்கள் பக்கம் தஞ்சாவூர் கிட்டி. வளைத்த மூங்கிலும் நாணும், நடுவில் இரை. எலி தலையை நீட்டினால் நாண் இறுக்கிவிடும். கிட்டி வைக்க வரும் பெரியவரிடம் மூஞ்சூறு மாட்டுமா என்று கேட்டேன். “அது எதுக்குத் தம்பி நெல்லுக்கு வருது?” என்றார். இத்துறையில் இவ்வளவு சுருக்கமாக யாரும் எழுதியதில்லை.

நடுவே ஒரு வேடிக்கையற்ற சேதி: எலியின் சிறுநீர் கலந்த தேங்கிய நீரில் வெறுங்காலோடு, அதுவும் புண்ணோடு, நிற்கக் கூடாது. எலிக்காய்ச்சல் நிஜமான நோய்.

மாட்டியதை என்ன செய்வது என்பதில் இந்த வீடு அகிம்சைக் கட்சி. விடியற்காலையில் கூண்டைத் துணியால் மூடி, வாய்க்கால் பாலத்தைத் தாண்டி அக்கரையில் திறந்துவிட வேண்டும். அப்படி ஒருநாள் கிளம்பியபோது பாலத்தின் நடுவில் அக்கரைக்காரர் எதிரே வந்தார். அவர் கையிலும் துணி மூடிய ஏதோ ஒன்று.

“என்ன மாமா, காலங்காத்தால?”

“சும்மா, காலாற நடக்கலாம்னு. நீ?”

“நானும்தான்.”

இருவர் துணிக்குள்ளிருந்தும் சத்தம் வந்ததால் மேற்கொண்டு பொய் சொல்ல வழியில்லை. அவர் துணியை விலக்கினார். உள்ளே மூஞ்சூறு. ஆய்வு முடிவுகளைப் பொதுமக்களிடம் கொண்டுசெல்ல இதைவிட நல்ல வாய்ப்பு அமையாது என்று, அது எலி அல்ல, நெல்லைத் தொடாது, ராத்திரி முழுக்கக் கரப்பான்பூச்சி தின்னும், வீட்டில் வைத்துக் காப்பாற்ற வேண்டிய பிராணி என்று விளக்கினேன். அவர் முழுவதையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

“அப்படியா சங்கதி? கரப்பான்பூச்சி உங்க வீட்டுலதான் ஜாஸ்தின்னு ஒங்க அத்தை நேத்திக்குக்கூடச் சொல்லுச்சு” என்றவர், பாலத்தைக் கடந்து எங்கள் கரைக்குப் போய்க் கூண்டைத் திறந்துவிட்டார்.