நகலும் பக்கத்திலேயே

தெல்தோட்டை பஜாருக்குக் கொம்பியூட்டர் வகுப்பு வந்த புதிதில், சட்டைப்பையில் ஒரு பிளொப்பி இருந்தாலே பெரிய மனுசன். கொள்ளளவு 1.44 எம்.பி. கண்டியில் எதையாவது கொப்பி பண்ணி, பேராதனை, கலஹா என்று பஸ்ஸில் குலுங்கி வந்து சேரும்போது அதற்கு உயிர் இருந்தால் அது முருகன் செயல். பனிக் காலத்தில் தட்டில் பூஞ்சணம் வேறு பிடிக்கும். சேர் தகரமூடியை விலக்கி, பஞ்சால் துடைத்து, வாயால் ஊதியும் பார்ப்பார்.

அந்தத் தட்டில் 2,880 செக்டர்கள். முதலாவது, இது என்ன வகைத் தட்டு என்று சொல்லும். அடுத்த 9 செக்டரில் ஃபாட் என்ற அட்டவணை. எந்தக் கோப்பு எங்கே தொடங்கி எங்கே தொடர்கிறது என்ற கணக்கெல்லாம் அங்கேதான். அது போனால் கோப்புகள் இருந்தும் இல்லாத மாதிரி. அதனால் முன்யோசனையாக ஒரு நகல் வைத்தார்கள். எங்கே? அதற்கடுத்த 9 செக்டரில்! பூஞ்சணத்துக்கு அலைச்சல் மிச்சம். கோப்புப் பெயர்ப் பட்டியலும் அதே வளையத்தில், அதாவது ட்ராக் 0இல்தான். ‘ட்ராக் 0 பழுது, தட்டு பயன்படாது’ என்று அந்தக் கால இயங்குதளமான டாஸ் கையை விரிக்கும்போது, மற்ற 79 ட்ராக்கும் கல்லுப்போல இருக்கும்.

அழிக்கும் விதம் இன்னும் விசேஷம். டாஸ் உள்ளடக்கத்தைத் தொடாது. பெயரின் முதல் எழுத்தை எடுத்துவிட்டு ஒரு குறி போடும். அட்டவணையில் ‘இடம் காலி’ என்று எழுதும். ஆள் இருக்கிறார், பதிவில் இல்லை. தோட்டத் தமிழரை நாடற்றவர்களாக்கிய 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தின் கதை கேட்டு வளர்ந்த லயத்துப் பிள்ளைகளுக்கு இந்தப் பாடத்தில் சந்தேகமே வரவில்லை. அழிந்ததை மீட்க டாஸில் ஒரு கட்டளை இருந்தது. அது நம்மிடம் கேட்பது அந்த முதல் எழுத்தை மட்டும். எங்கள் ஆட்களில் மிஞ்சியவர்களைப் பதிவில் ஏற்ற 2003இல் இன்னொரு சட்டம் வரவேண்டியிருந்தது. அதுவரை கேட்ட கடதாசிகளுக்குக் கணக்கில்லை.

இப்போது எல்லாம் திருந்திவிட்டது. லினக்ஸின் எக்ஸ்ட்4 கோப்பு முறை, சூப்பர்பிளொக் என்ற தன் தலைமைப் பதிவின் நகல்களை 32,768ஆம் பிளொக், 98,304ஆம் பிளொக் என்று தள்ளித் தள்ளி ஒளித்து வைக்கிறது. விண்டோஸின் என்.டி.எஃப்.எஸ் தன் முதன்மை அட்டவணையின் முதல் நான்கு பதிவுகளை வேறிடத்திலும் எழுதி, பூட் செக்டரின் நகலைக் கடைசி மூலைக்கு அனுப்புகிறது. இசட்.எஃப்.எஸ் என்ற இன்னொரு கோப்பு முறை டிஸ்க்குக்கு நான்கு லேபிள் போடுகிறது: முன்னே இரண்டு, பின்னே இரண்டு.

நாமோ, பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, கல்யாணப் படம் அத்தனையையும் ஒரே டிஸ்க்கில் போட்டு, அதை அலுமாரியில் பூட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறோம். டிஸ்க்கே செத்தால் உள்ளே எத்தனை நகல் இருந்தும் பயனில்லை. எஸ்.எஸ்.டி என்றால், எண்ணில் தூரத்தில் இருக்கும் இரண்டு பிளொக்குகள் ஒரே சிப்பில் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கவும் கூடும்; அதைத் தீர்மானிப்பது உள்ளே இருக்கும் கொன்ட்ரோலர்.

கம்பளையிலோ கண்டியிலோ நம்பிக்கையான சொந்தக்காரர் இருந்தால், முக்கியமான கடதாசிகளின் ஒரு நகலை இந்த மாதமே அவர் வீட்டில் கொடுத்து வையுங்கள்.