குரங்கிலிருந்து பிள்ளையார்

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதை தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரியும். பிளெண்டர் என்கிற முப்பரிமாண மென்பொருளில் பாதை தலைகீழ். அங்கே குரங்கு தயாராக இருக்கிறது, பிள்ளையாரைத்தான் நாம் பிடித்துக்கொள்ள வேண்டும். பட்டியலைத் திறந்தால் கனசதுரம், உருளை, கூம்பு, கோளம், கூடவே ஒரு குரங்குத் தலை. பெயர் சூசன். 507 புள்ளிகளால் ஆன இந்தக் குரங்கை 2002-இல், பிளெண்டரை உருவாக்கிய கம்பெனி மூடப்போகிற நேரத்தில், அங்கே வேலை பார்த்தவர்கள் விளையாட்டாக உள்ளே விட்டுவிட்டுப் போனார்கள். கம்பெனியை நடத்திய டச்சுக்காரர் டோன் ரோசெண்டால் சும்மா இருக்கவில்லை. இணையத்தில் உண்டியல் குலுக்கி 1,00,000 யூரோ திரட்டி, முதலீட்டாளர்களிடமிருந்து மென்பொருளை மீட்டு, அதே ஆண்டு அக்டோபரில் ஊருக்கே இலவசமாகக் கொடுத்துவிட்டார். அந்தப் புண்ணியத்தில்தான் திருத்துறைப்பூண்டியில் ஒரு பையன் திண்ணையில் மடிக்கணினியோடு உட்கார்ந்து, குரங்கின் மூக்கைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறான்.

பையன் கவின் கலை மாணவன், சிற்பப் பிரிவு. அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது ஒன்றும் புதுப் படிப்பில்லை. கும்பகோணத்தில் 1887-லேயே சித்திரக் கலாசாலை வந்துவிட்டது. இவன் படிப்பது எந்தக் கல்லூரி என்று சொல்லாமல் விடுவது நல்லது, அங்கிருக்கும் முப்பரிமாணப் பிரிண்டரைப் பற்றி நல்ல வார்த்தை சொல்ல ஒன்றுமில்லை. சின்ன வயதில் முள்ளியாற்றுக் களிமண்ணை மர அச்சில் அமுக்கி, குன்றிமணியால் கண் வைத்துச் சதுர்த்திக்குச் சதுர்த்தி பிள்ளையார் விற்றவன். கட்டைவிரல் சொன்னதை மண் கேட்டது. மவுஸ் கேட்பதாக இல்லை. மூக்கை இழுத்தால் காது சேர்ந்து வருகிறது. களிமண் இடிந்தால் சத்தமில்லாமல் இடியும், இங்கே கண்ட்ரோல்-இசட் போட்டுப் போட்டு விரல்தான் இடிகிறது.

புதிதாக வருகிற எல்லோரும் முதலில் செய்வது டோனட். ஆஸ்திரேலியாவின் ஆண்ட்ரூ பிரைஸ் யூடியூபில் நடத்தும் டோனட் பாடத்தைப் பார்க்காத பிளெண்டர்க்காரர் அபூர்வம். திருத்துறைப்பூண்டி பஸ் ஸ்டாண்டில் டோனட்டுக்கு எங்கே போவது? உளுந்துவடை இருக்கிறது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, பையிலிருந்து வெர்னியர் காலிப்பரை எடுத்து வடையின் வெளிவிட்டம், ஓட்டையின் விட்டம் இரண்டையும் அளந்து நோட்டில் குறித்தான். கல்லாவில் இருந்தவர் எழுந்தே வந்துவிட்டார்.

"தம்பி எந்த ஆபீஸு? வடை சின்னதா இருக்குன்னு யாரு எழுதிப் போட்டது?"

விஷயத்தைச் சொன்னதும் அவர் சமாதானமாகவில்லை, கவலைப்பட்டார். வடையைக் கம்ப்யூட்டரில் பண்ணி என்ன செய்வாய் என்ற அவருடைய கேள்விக்கு இன்றுவரை பதில் இல்லை.

பிளெண்டரில் புதிதாக ஒரு வளையம் போட்டால் நடுக்கோட்டின் ஆரம் 1 மீட்டர், தடிமனின் ஆரம் 0.25 மீட்டர். மொத்த விட்டம் இரண்டரை மீட்டர். விகிதத்தைத் திருத்தினால் போதும், அளவு தானாக வரும் என்று நம்பி, ஓட்டையைச் சற்றுக் கோணலாக்கி, மேலே மொறுமொறுப்பும் ஏற்றி, கல்லூரி பிரிண்டருக்கு எஸ்.டி.எல். ஃபைலாக அனுப்பினான். 1987-இல் பிறந்த அந்த ஃபைல் வகைக்கு ஒரு குணம் உண்டு. எண்ணைச் சொல்லும், அது மீட்டரா மில்லிமீட்டரா என்று சொல்லாது. பிரிண்டர் பக்கத்து மென்பொருளோ எல்லாவற்றையும் மில்லிமீட்டராகவே படிக்கும். யானை படுக்கிற அகலத்தில் கிளம்பிய வடை இரண்டரை மில்லிமீட்டரில் வந்து இறங்கியது. பேராசிரியர் அதை நகக்கண்ணில் ஒட்டவைத்துப் பார்த்துவிட்டு, "சட்னி எங்கே?" என்றார்.

இதைக் கேலி செய்கிறவர்கள் சுவாமிமலைக்கு ஒரு நடை போய்வரலாம். அங்கே ஸ்தபதிகளின் அளவுகோலிலும் மில்லிமீட்டர் கிடையாது. செய்யப்போகும் சிலையின் உயரத்துக்குத் தென்னை ஓலையைக் கிழித்து நறுக்கி, அதையே பங்கு பங்காக மடிக்கிறார்கள். உத்தம தச தாளம் என்றால் உச்சியிலிருந்து பாதம்வரை 124 பங்கு. முகத்துக்கு இத்தனை, மூக்குக்கு இத்தனை என்று கணக்கு. ஓலை சாண் நீளமாக இருந்தால் பூஜையறைச் சிலை. 2023-இல் ஜி-20 மாநாட்டுக்காக டெல்லி பாரத் மண்டபத்தின் முன்னால் நிறுத்திய நடராஜர் 27 அடி, 18 டன். அவரும் சுவாமிமலைக்காரர்தான். ஒரு நீளத்தை மாற்றினால் மீதியெல்லாம் கூடவே மாறும் இந்த ஏற்பாட்டைத்தான் டிஜிட்டல்காரர்கள் பாராமெட்ரிக் என்கிறார்கள். இதைச் சொன்ன மாத்திரத்தில் பையனின் மாமா, "பாத்தியா, அன்னைக்கே நம்ம ஆளுங்க த்ரீ-டி பண்ணிட்டாங்க" என்று ஆரம்பித்தார். அது கொஞ்சம் அதிகம். ஓலையை நாலு பக்கமும் சுழற்றிப் பார்க்க முடியாது, உருவம் ஸ்தபதியின் மண்டைக்குள்தான் சுழலும். அதைக் காப்பியெடுக்க இன்னும் எந்த ஃபைலும் வரவில்லை.

வடை போகட்டும். பிள்ளையாருக்குத் தும்பிக்கை வந்தது, தொந்தி வந்தது, நாலு கையும் வந்தது. பிரிண்டருக்கான மென்பொருள் மட்டும் உருவத்தில் ஓட்டை இருக்கிறது என்று சொல்லி ஏற்க மறுத்தது. திரையில் எங்கு தேடியும் ஓட்டை தெரியவில்லை. பேரன் தலையைப் பிய்த்துக்கொள்வதைப் பார்த்த தாத்தா விவரம் கேட்டார். "வரப்புல நண்டு வளை மாதிரிதான். வயல்ல தண்ணி நிக்காட்டி நண்ட வெளியில தேடக் கூடாது, உள்பக்கம் இறங்கிப் பாக்கணும்." உருவத்துக்குள் புகுந்து பார்த்தால், தொந்தியும் துடையும் சேருமிடத்தில் இரண்டு புள்ளிகள் ஒட்டாமல் நின்றன. தாத்தாவுக்கு ஒரு டீ வாங்கித் தந்தான்.

இந்தப் பிரிண்டருக்கும் சுவாமிமலைக்கும் ஒரு மெழுகு உறவு உண்டு. 1988-இல் அமெரிக்கப் பொறியாளர் ஸ்காட் கிரம்ப் தன் குட்டி மகளுக்குத் தவளை பொம்மை செய்ய, பசை உருக்கும் துப்பாக்கியில் பிளாஸ்டிக்கோடு மெழுகுவர்த்தி மெழுகைக் கலந்து அடுக்கு அடுக்காக விட்டுப் பார்த்தார். அதிலிருந்துதான் இந்த முறையே பிறந்தது. காப்புரிமை 2009-இல் காலாவதியானது. விலை மளமளவென்று இறங்கியது. பையனும் இரண்டு கூட்டாளிகளும் காசு போட்டுப் பழைய பிரிண்டர் ஒன்றை வாங்கியது அதனால்தான். சுவாமிமலையில் சிலையை முதலில் மெழுகில் செய்துதான் உலோகத்தில் வார்க்கிறார்கள், அந்த மெழுகில் குங்கிலியமும் கடலை எண்ணெயும் சேரும். இவர்கள் பிரிண்டருக்கு வாங்கிய பிளாஸ்டிக் இழை பி.எல்.ஏ., பெரும்பாலும் சோள மாவுச்சத்திலிருந்து வருவது.

"சோளமா? அப்ப எலி வருமே" என்று அம்மா அந்தச் சுருளைத் தூக்கிப் புழுங்கலரிசி டிரம்முக்குள் போட்டு மூடினாள். எலிக்காகச் செய்தது வேறு வகையில் பலித்தது. ஐப்பசி ஈரத்தைக் குடித்த இழை பிரிண்டரில் படபடவென்று பொரியும். டிரம்முக்குள் இருந்தது அவ்வளவாகப் பொரியவில்லை.

பத்து சென்டிமீட்டர் பிள்ளையார், 0.2 மில்லிமீட்டர் அடுக்கு, மொத்தம் 500 அடுக்கு. திரைக்குள் எடை கிடையாது, அங்கே கையை எங்கே நீட்டினாலும் நிற்கும். பிரிண்டரில் 45 டிகிரிக்கு மேல் சாய்ந்தால் கீழே முட்டுக்கொடுக்க வேண்டும். சுவாமிமலையிலும் உலோகம் ஓடுவதற்காக மெழுகுக் குச்சிகளை வைத்து, வார்த்தபின் உளியால் வெட்டி எடுக்கிறார்கள். இவனிடம் இருந்தது எலக்ட்ரீஷியன் கட்டிங் பிளேயர். முட்டு வந்தது, கூடவே கையிலிருந்த மோதகமும் வந்தது.

இந்த இடத்தில் கத்தத் தோன்றினால் தவறில்லை. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் நீல் கெர்ஷென்ஃபெல்ட் 1998-இல் 'ஏறக்குறைய எதையும் செய்வது எப்படி' என்றொரு வகுப்பைத் தொடங்கியபோது பொறியாளர்களோடு கலைஞர்களும் வந்து சேர்ந்தார்கள். அவர்களில் கெல்லி டாப்சன் என்ற சிற்பி செய்தது அலறல் பை. ஆத்திரம் வந்தால் பைக்குள் கத்தலாம், பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காது. பிறகு ஆளில்லாத இடத்தில் பையை அமுக்கினால் கத்தல் வெளியே வரும். செமஸ்டர் நேரத்தில் எல்லாச் சிற்பப் பிரிவிலும் ஒன்று தொங்கவிடலாம்.

மோதகம் போனாலும் பிள்ளையார் அழகாகத்தான் இருந்தார். காட்டுகிறேன் என்று சித்திரை வெயிலில் டிவிஎஸ் சீட்டின் மேல் வைத்துவிட்டு, பையன் உள்ளே மோர் குடிக்கப் போனான். பி.எல்.ஏ. 60 டிகிரியில் இளகத் தொடங்கும். திரும்பி வருவதற்குள் இடது பக்கம் வளைந்திருந்த தும்பிக்கை மெல்லச் சரிந்து வலது பக்கம் போயிருந்தது. எதிர்வீட்டுக்காரர் குனிந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "வலம்புரிடா! வெலைய ஏத்திச் சொல்லு."

கிராமத்துக்கு இதெல்லாம் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். எம்.ஐ.டி. தன் வளாகத்துக்கு வெளியே ஃபேப் லேப் என்கிற முதல் செய்பட்டறையை 2002-இல் வைத்ததே புனே பக்கம் பாபல் கிராமத்தில், விஞ்ஞான் ஆசிரமத்தில்தான். திருத்துறைப்பூண்டியில் இந்தக் கேள்வியை அத்தை நேராகவே கேட்டார்.

"அச்சுமுறுக்கு அச்சு ஒண்ணு பண்ணிக் குடுடா."

"கொதிக்கிற எண்ணெயில இளகிடும் அத்தே."

"கொழுக்கட்டை அச்சு?"

"வரி வரியா இருக்கும். மாவு உள்ளே போய் மாட்டிக்கும், கழுவ முடியாது."

"எண்ணெ ஆகாது, மாவு ஆகாது, வெயில் ஆகாது. மாப்பிள்ளைய விட மோசமா இருக்கேடா உன் மிஷினு."

கடைசியில் அத்தை வீட்டு ஃபேன் ரெகுலேட்டருக்குக் குமிழ் செய்து கொடுத்தான். கழன்ற இடத்தில் அத்தனை நாளும் பிளேயரை வைத்துத் திருகிக்கொண்டிருந்தார்களாம். இப்போது தெருவில் எட்டு வீட்டுக் குமிழ்கள் வரிசையில் நிற்கின்றன. ஒன்பதாவதாக டீக்கடைக்காரர், குமிழ் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கடை போர்டில் மாட்ட அந்த வடையைப் பெரிதாக அடித்துத் தரமுடியுமா என்று கேட்டு அட்வான்ஸ் கொடுத்திருக்கிறார்.