பிடிஎஃப் இருக்கா தோழர்?

எழுத்தாளர் சி.சு.செல்லப்பாவைக் கம்பம் பள்ளத்தாக்கு மறந்துவிட்டது என்று யாரும் பழி சொல்லக் கூடாது. 1912இல் சின்னமனூரில் பிறந்து வத்தலக்குண்டில் வளர்ந்த மனிதர். இன்று சின்னமனூர் டீக்கடையில் நின்று, அவர் எழுதிய 'வாடிவாசல்' பெயரைச் சொல்லிப் பாருங்கள். "சூர்யா படம்தானே, எப்ப வருது?" என்று நாலு பேர் திரும்புவார்கள். இயக்குநர் வெற்றிமாறன் புண்ணியத்தில் கதையின் பெயராவது ஊர் வந்து சேர்ந்தது. எழுதியவர் யார் என்பதை டைட்டில் கார்டு போடும்போது பார்த்துக்கொள்ளலாம், அவசரமில்லை.

அந்த மனிதர் 1959 ஜனவரியில் சென்னையில் 'எழுத்து' இதழைத் தொடங்கி, 1970 வரை 119 இதழ்கள் கொண்டுவந்தார். ந.பிச்சமூர்த்தி, சி.மணி, பசுவய்யா, திருகோணமலையிலிருந்து பிரமிள் என்று புதுக்கவிதை காலூன்றியதே அந்தப் பக்கங்களில்தான். கூலியாகக் கிடைத்தது, புத்தக மூட்டையைத் தூக்கிக்கொண்டு கல்லூரி கல்லூரியாக அலையும் பாக்கியம். 1998 டிசம்பரில் செத்துப்போனார். 2001இல் 'சுதந்திர தாகம்' நாவலுக்குச் சாகித்திய அகாதெமி விருது. உயிரோடிருந்தால் மேடையில் ஏதாவது பேசித் தொலைப்பார் அல்லவா? அகாதெமியின் பொறுமையை மெச்ச வேண்டும்.

சரி, அது அந்தக் காலம். இப்போது தேனியில் ஒருவர் சிற்றிதழ் நடத்துகிறார் என்று வையுங்கள். இதழ் வந்த அன்று காலையிலேயே வாட்ஸ்அப் நிறையும். "அருமை தோழர், பிடிஎஃப் இருந்தா அனுப்புங்க." அடுத்தவர் கல்லூரிப் பேராசிரியர்: "யுஜிசி கேர் லிஸ்ட்ல இருக்கா சார்?" அந்த ஆய்விதழ்ப் பட்டியலை யுஜிசியே 2025இல் கைகழுவிவிட்டது, பேராசிரியர் சந்தா கட்டுவார் என்று இனியும் காத்திருக்க வேண்டாம். பிறகு கவிஞர். நாலு கவிதை, கலர் போட்டோ, ஒரு பக்கத்துக்குத் தன்குறிப்பு அனுப்பியவர். "என் கவிதை வந்த பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்து விடுங்க, ஸ்டேட்டஸ் வைக்கணும்." மிச்ச அறுபது பக்கத்தை யார் படிப்பது? இன்னொரு கவிஞர் படிப்பார் என்று இவர் நம்புகிறார். அவரும் அப்படியே.

விளம்பரம் கேட்டுப் போனால் முதலாளி கேட்பார்: "எத்தன காப்பி அடிக்கிறீக?" முந்நூறு என்றால் சிரிப்பார். "எம் பேத்தி காதுகுத்துக்கே ஆயிரம் பத்திரிக அடிச்சேன் தம்பி." வாசலில் அந்தக் காதுகுத்தின் இருபதடி ஃபிளெக்ஸ் இன்னும் ஆடிக்கொண்டிருக்கும்.

இதே ஆட்கள் போடி ஏலத்தில் போய், "நம்ம ஆளுதானே" என்று ஒரு கிலோ ஏலக்காயை ஓசியில் கேட்பார்களா? கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடே வந்தாயிற்று. கொத்தைத் தொட்டால் காசு. எழுத்துக்கு மட்டும் விலை கேட்டால் 'இலக்கியத்த வியாபாரமாக்கிட்டான்' என்று ஏச்சு.

அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. 1948ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டத்தின் புண்ணியத்தில் சொத்துவரியோடு சேர்த்து நூலக வரியும் கறந்துவிடுகிறார்கள். கிளை நூலகத்து மேசையில் நடுப்பக்கம் போன சினிமா இதழ் கிடக்கும். ஆசிரியரே இனாமாகக் கொண்டுபோய் வைத்தால்தான் சிற்றிதழ் கிடக்கும். புத்தகங்களைக் குறைந்த செலவில் பதிவு அஞ்சலில் அனுப்ப ஒரு வழி இருந்தது. 2024 டிசம்பரில் அஞ்சல் துறை அதையும் அடைத்தது.

பிறகு ஒருநாள் இதழ் நிற்கும். உடனே 'சிற்றிதழ்கள்: நேற்று, இன்று, நாளை' என்று கருத்தரங்கம். ஆளுக்கொரு பொன்னாடை, மதியம் பிரியாணி, பேசியவர்கள் அத்தனை பேர் கண்ணிலும் நீர். 'ஒரு இயக்கம் முடிந்தது' என்று பேஸ்புக்கில் இரங்கல் பா.

கண்ணீரைத் துடைத்துக்கொள்ளுங்கள் பெருந்தகைகளே. அந்த இதழ் வியாதியில் சாகவில்லை, உங்கள் பாக்கியில் செத்தது. மூணு வருஷச் சந்தாவைக் கட்டிவிட்டு அழுங்கள். ஒப்பாரிக்குப் பிடிஎஃப் நாங்களே அனுப்பிவைக்கிறோம்.