வட்டிக்கு விட்ட ராஜ்ஜியம்

அம்மாவோடு ஒத்துவராமல் தனிக்குடித்தனம் போகிற பிள்ளைகள் எல்லா ஊரிலும் உண்டு. போகும்போது தலைநகரத்தையும் கையோடு தூக்கிக்கொண்டு போன பிள்ளை, அவத் நவாப் ஆசஃப் உத் தௌலா. 1775இல் அப்பா கண்ணை மூடியதும், பைசாபாத்தை அம்மா பஹு பேகத்துக்கே விட்டுவிட்டு லக்னோவில் வந்து இறங்கினார். இன்று நாம் டிக்கெட் வாங்கி அண்ணாந்து பார்க்கிற லக்னோவின் பெரிய கட்டடங்கள் பல, அம்மா பக்கத்தில் இல்லாத குதூகலத்தில் எழும்பியவை.

அந்த அம்மாவும் லேசுப்பட்டவர் அல்ல. 1764இல் பக்ஸாரில் கணவர் ஷுஜா உத் தௌலா கிழக்கிந்தியக் கம்பெனியிடம் செமையாக உதை வாங்கினார். உதைத்ததற்குக் கூலியாக 50 லட்ச ரூபாய் கேட்டது கம்பெனி. பேகம் மூக்கு வளையம் வரைக்கும் கழற்றிக் கொடுத்தார் என்பார்கள். உருகிப்போன கணவர், அதற்குப்பின் மிச்சம் பிடித்ததையெல்லாம் மனைவியிடமே ஒப்படைத்தார். ஆக, அவர் போனபோது மகனுக்குக் கிடைத்தது சிம்மாசனம், அம்மாவிடம் இருந்தது கஜானா. மகனுக்கோ கம்பெனியிடம் ஏகப்பட்ட பாக்கி. கம்பெனியின் கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸ் கணக்குப் போட்டுப் பார்த்தார். பைசாபாத்துக்குச் சிப்பாய்கள் போனார்கள். பேகத்தின் காரியஸ்தர்கள் இருவரை விலங்கு மாட்டி உட்காரவைத்து, பணத்தைக் கறந்தார்கள். பிள்ளையும் கூட இருந்து ஒத்தாசை செய்தார். இதற்காகவும் வேறு பல காரியங்களுக்காகவும் ஹேஸ்டிங்ஸ் மீது லண்டனில் ஏழு வருஷம் விசாரணை நடந்தது. 1795இல் குற்றமில்லை என்று தீர்ப்பாயிற்று.

அம்மாவிடம் இப்படி நடந்துகொண்டவர், ஊராரிடம் கர்ணனாக இருந்தார். 1784இல் கடும் பஞ்சம். சும்மா சோறு போட்டால் மானஸ்தர்கள் வாங்க மாட்டார்கள் என்று படா இமாம்பாரா என்ற மொஹரம் துக்கக் கூடத்தைக் கட்டுகிற வேலையை ஆரம்பித்தார். பகலில் ஏழைகள் கட்டினார்கள். ராத்திரியில், மண்வெட்டியைத் தொட்டே பழகாத கனவான்கள் முகத்தை மூடிக்கொண்டு வந்து, பகலில் கட்டியதில் ஒரு பங்கை இடித்துவிட்டுக் கூலி வாங்கிப் போனார்கள். ஊரில் சொல்லும் கதை இது. காண்டிராக்ட் தொழிலில் பழம் தின்று கொட்டை போட்டவர்களும் இந்த உயரத்தைத் தொட்டதில்லை. நம் ஊரில் கட்டியது இடிவதற்கு ஒரு மழைக்காலமாவது காத்திருக்க வேண்டும்.

இத்தனை இடிபாட்டுக்கும் தப்பி எழுந்த அந்தக் கூடத்தைப் பற்றி மட்டும் கிண்டல் செய்ய மனம் வரவில்லை. சுமார் 50 மீட்டர் நீளம், 16 மீட்டர் அகலம், 15 மீட்டர் உயரம். நடுவில் தூண் கிடையாது, உத்தரம் கிடையாது, இரும்பு கிடையாது. செங்கல்லும் சுண்ணாம்பும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு இருநூறு வருஷத்துக்கு மேலாக நிற்கின்றன. மேலே பாரம் குறைவதற்காகக் குடைந்துவிட்ட சந்துபொந்துகள்தான் பூல் புலய்யா. உள்ளே போனால் ஒரே மாதிரி வாசல்கள், ஒரே மாதிரி படிகள். சண்டை போட்டுக்கொண்டு நுழைகிற தம்பதிகள்கூட வெளியே வரும்போது கையைப் பிடித்துக்கொண்டுதான் வருகிறார்கள். வழிகாட்டி ஒரு கோடியில் தீக்குச்சி உரசுவார், மறுகோடியில் நிற்கிற நமக்குக் காதருகே கேட்கும். அதோடு நிறுத்திக்கொண்டால் நல்லது. நிறுத்த மாட்டார். இங்கிருந்து டில்லிக்குச் சுரங்கம், ஆக்ராவுக்குச் சுரங்கம், பைசாபாத்துக்கும் சுரங்கம் என்று ஆரம்பிப்பார். மற்ற ஊர்களை வேண்டுமானால் நம்பலாம். பைசாபாத்துக்கு நிச்சயம் இருந்திருக்காது. அம்மா அந்த வழியாக வந்துவிடுவாரே!

ஊரின் இன்னொரு கோடியில் லா மார்ட்டினியர் பள்ளிக்கூடம். கோட்டையா, மாளிகையா, கல்யாணக் கேக்கா என்று சொல்ல முடியாத அந்தக் கட்டடம் கிளாட் மார்ட்டின் என்ற பிரெஞ்சுக்காரருடையது. நம் புதுச்சேரிக்குப் பிரெஞ்சுச் சிப்பாயாக வந்தவர். இங்கிலீஷ்காரர்கள் கை ஓங்கியதும் அந்தப் பக்கம் தாவிவிட்டார். பிறகு லக்னோவில் நவாபின் ஆயுதச் சாலையைக் கவனித்து, பெரும் பணக்காரர் ஆனார். வைத்தியரையும் அவ்வளவாக நம்பியவர் இல்லை. மூத்திரப்பையில் கல் அடைத்தபோது, மெல்லிய கம்பியைத் தானே உள்ளே செலுத்தி, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கல்லை அராவி எடுத்தார். (ஆண் வாசகர்கள் ஒரு நிமிஷம் இளைப்பாறிக்கொள்ளலாம்.) இவ்வளவு நெஞ்சழுத்தம் உள்ளவருக்கு ஒரே பயம், தான் போனபின் மாளிகையை நவாப் எடுத்துக்கொள்வார் என்பது. தன்னை அதன் நிலவறையிலேயே புதைக்கச் சொல்லிவிட்டார். சமாதியில் எந்த நவாப் குடிவருவார்? 1800இல் செத்தவர் இன்னமும் அங்கேதான் இருக்கிறார். மேலே பையன்கள் பரீட்சை எழுதுகிறார்கள்.

இனி கம்பெனியின் கெட்டிக்காரத்தனம். 1801இல் கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி, நவாப் சாதத் அலி கானை உட்காரவைத்து, ராஜ்ஜியத்தில் பாதியை எழுதி வாங்கினார். சொந்தப் படையையும் பெரும்பாலும் கலைக்கச் சொன்னார். எதற்கு வீண் செலவு, நாங்கள் இருக்கிறோமே என்று ஆறுதல் வேறு. மிஞ்சிய பாதியை வைத்துக்கொண்டு சாதத் அலி வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் பணம் சேர்த்தார். அவர் மகன் காஜி உத் தீன் ஹைதர் 1814இல் பட்டத்துக்கு வந்ததுதான் தாமதம், கம்பெனி கைமாற்றுக் கேட்டு வந்து நின்றது. நேபாளத்தோடு சண்டையாம். இரண்டு கோடி கொடுத்தார். அந்தப் பணத்தில் சண்டை போட்டு, நேபாளத்திடம் பிடுங்கிய தராய் காட்டு நிலத்தை நவாபின் தலையில் கட்டி, ஒரு கோடியை நேர் செய்தது கம்பெனி. மனக்குறை தீர 1819இல் ‘நீங்கள் இனி நவாப் அல்ல, ராஜா’ என்று ஒரு பட்டமும் கொடுத்தது. பட்டத்துக்குச் செலவில்லை பாருங்கள்.

நம் ஆர்க்காட்டு நவாப் வாலாஜா வேறு ரகம். அவர் கம்பெனி உத்தியோகஸ்தர்களிடமே கடன் வாங்கி, வட்டி கட்ட இன்னொரு கடன் வாங்கி, அரசாட்சியையே அடகுக் கடை ஆக்கினார். அவர் வம்சத்தின் கையிலிருந்து ராஜ்ஜியம் போனதும் அதே 1801இல்தான். கடன் கொடுத்த லக்னோ 1856 வரைக்கும் தாக்குப்பிடித்தது. சாமர்த்தியத்துக்குக் கிடைத்த உபரி, 55 வருஷம்.

கடைசி ராஜா வாஜித் அலி ஷா. பாட்டு எழுதுவார், கதக் ஆடுவார், மனைவிகளை எண்ணுவதற்குத் தனியாக ஆள் வேண்டும். பட்டத்துக்கு வந்த புதிதில் குதிரையேறிப் போய்ப் படைக்குக் கவாத்து நடத்தினார். அரசவையில் கம்பெனியின் பிரதிநிதியாக இருந்த ரெசிடென்டுக்கு அது பிடிக்கவில்லை. கத்தியைப் பிடித்தால் முறைப்பு, சலங்கையைக் கட்டினால் ஆட்சி சரியில்லை என்று அறிக்கை. மனிதர் என்னதான் செய்வார்? கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி, அவத் என்றாவது ஒருநாள் தம் வாயில் விழப்போகிற பழம் என்று முன்பே கடிதத்தில் எழுதிவைத்தவர். 1856இல் பழம் விழுந்தது. ராஜினாமாப் பத்திரத்தில் கையெழுத்துப் போட மறுத்த ராஜா, தலைப்பாகையைக் கழற்றி ரெசிடென்ட் அவுட்ரமின் கையில் வைத்தார்.

1857 கலகத்தில் இங்கிலீஷ்காரர்கள் வந்தபோது, செருப்பு மாட்டிவிட வேலைக்காரன் இல்லாததால் அவர் ஓடாமல் உட்கார்ந்திருந்து பிடிபட்டார் என்று ஒரு கதை சொல்லுவார்கள். சுத்தப் பொய். அந்த வருஷம் அவர் லக்னோவிலேயே இல்லை. கல்கத்தாவில், வில்லியம் கோட்டைக்குள் காவலில் இருந்தார். ஓட நினைத்தாலும், எந்தச் செருப்பும் உதவியிருக்காது. அவருடைய அம்மா, மகனுக்கு நியாயம் கேட்டு விக்டோரியா ராணியிடமே கப்பலேறிப் போனார். திரும்பும் வழியில் இறந்து, பாரிஸில் அடக்கமானார். ராஜா தலாக் கொடுத்து லக்னோவிலேயே விட்டுப்போன பேகம் ஹஸ்ரத் மஹல்தான் மகனுக்கு முடிசூட்டிவைத்து, கலகத்துக்குத் தலைமை தாங்கினார். தோற்றபின்னும் இங்கிலீஷ்காரர்களிடம் பென்ஷன் வாங்கச் சம்மதிக்காமல் நேபாளத்துக்குப் போய், காட்மாண்டுவில் இறந்தார். ஆட்டக்கார ராஜாவைப் பற்றி அரைமணி நேரம் பேசுகிற வழிகாட்டிகள், இந்த அம்மாளுக்கு இரண்டு நிமிஷம்தான் ஒதுக்குகிறார்கள்.

நடுவில் ஒரு விஷயம் விட்டுப்போயிற்று. காஜி உத் தீன் ஹைதர் 1825இல் இன்னொரு கோடி கொடுத்தார். இதன் அசலைக் கம்பெனி ஒருநாளும் திருப்பித் தரவேண்டியதில்லை, நூற்றுக்கு ஐந்து வட்டியை மட்டும் ராஜா குறிப்பிட்டவர்களுக்கும் அவர்கள் வாரிசுகளுக்கும் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று ஒப்பந்தம். கம்பெனி ஒழிந்தது, ராணியின் ஆட்சி வந்தது, அதுவும் போயிற்று. வட்டி மட்டும் நிற்கவில்லை. ‘வசீக்கா’ என்ற பெயரில் லக்னோவில் இன்றும் பட்டுவாடா ஆகிறது. தலைமுறைக்குத் தலைமுறை பங்கு பிரிந்து, சிலர் கைக்குப் பத்து ரூபாய்கூட வருவதில்லை. ஆட்டோவுக்கு அதைவிட அதிகம் கொடுத்து, ராஜ வம்சத்தார் நேரில் போய் வாங்கி வருகிறார்கள்.