நகராட்சி வழங்கும் ஆனந்தம்

நம் தேசத்து அரசியல் சாசனத்தின் பன்னிரண்டாவது அட்டவணையைப் பொழுதுபோக்காக வாசிப்பவர்கள் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். ஆனால் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று, தினசரிப் பத்திரிகையைத் தலைப்பிலிருந்து அச்சகத்தார் விலாசம் வரையில் படித்து முடித்த பிறகும் பகல் பொழுது மீதமிருக்கக் காணும் என் போன்ற ஆசாமிகளுக்கு அது உயர்ந்த இலக்கியம். 1992-ல் நிறைவேறி மறு வருஷம் அமலுக்கு வந்த எழுபத்து நான்காவது திருத்தத்தின் வழியாக உள்ளே நுழைந்த அந்த அட்டவணையில், நகராட்சிகளிடம் ஒப்படைக்கத் தகுந்த 18 காரியங்கள் வரிசைக்கிரமமாகச் சொல்லப்பட்டிருக்கின்றன. பன்னிரண்டாவது, பூங்கா, தோட்டம், விளையாட்டு மைதானம். பதின்மூன்றாவது, கலாசாரம், கல்வி, அழகுணர்ச்சி ஆகியவற்றின் அபிவிருத்தி. பதினான்காவது, சுடுகாடு, இடுகாடு, மின்சாரத் தகன மேடை. ஓடி விளையாடி, ஆடல் பாடல்களை ரசித்து, பிறகு போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரும் மனித ஜன்மத்தின் யாத்திரையை மூன்றே வரிகளில் அடக்கிவிட்ட அந்தச் சட்ட நிபுணர் யாரோ, அவருக்கு வேதாந்தமும் ஹாஸ்யமும் சரிசமமாகக் கைவந்திருக்க வேண்டுமென்று முதலில் எண்ணினேன். பதினைந்தாவதாகக் கால்நடைகளைப் பிடித்து அடைக்கும் கொண்டித் தொழுவத்தைப் போட்டிருப்பதைக் கண்டதும், ஹாஸ்யமே ஒரு மாற்று அதிகம் என்று தீர்மானித்தேன்.

பிரஜைகளின் சாக்கடையை மட்டுமல்லாமல் அவர்களுடைய சந்தோஷத்தையும் பராமரிப்பது ஸ்தல ஸ்தாபனத்தின் கடமை என்ற எண்ணம் நேற்று முளைத்ததன்று. 1688-ல் ஸ்தாபிதமாகி இந்திய மாநகராட்சிகளுக்கெல்லாம் மூத்ததாக விளங்கும் சென்னை மாநகராட்சி, 1924-ல் தொடங்கிப் பணமுடையால் நின்றுபோன ஒரு ரேடியோ கிளப்பின் கருவியை வாங்கி வைத்துக்கொண்டு, 1930-ஆம் வருஷம் ஏப்ரல் முதல் தேதியன்று சொந்தமாக ஒரு வானொலி நிலையத்தையே நடத்தத் துணிந்தது. கடற்கரையில் ஒலிபெருக்கியை நிறுத்தி, காற்று வாங்க வந்தவர்களுக்குக் காற்றோடு சங்கீதத்தையும் இலவசமாக வழங்கிற்று. 1938-ல் அகில இந்திய வானொலி சென்னைக்கு வந்து சேரும் வரையில் இந்தத் தர்மம் நடந்தது. ஏப்ரல் முதல் தேதியை வைத்து அன்று பரிகாசம் செய்தவர்களும் இருந்திருப்பார்கள். வீட்டுக் குழாயில் தண்ணீர் வராத சாயங்காலங்களில் கடற்கரைக் குழாயில் கல்யாணியாவது வந்ததே என்று திருப்தியடைந்தவர்களும் இருந்திருப்பார்கள்.

எங்கள் ஊர்ப் பூங்காவிலும் என் சிறு வயதில் ஒரு வானொலிக் கூண்டு இருந்தது. அதன் சாவி ஒரு நகராட்சிச் சேவகரிடம் இருந்தது. மாநிலச் செய்திகள் முடிந்து, வித்வான் ஆலாபனையை ஆரம்பித்து, ராகம் இன்னதென்று எங்கள் ஊர் ரசிகர்கள் தங்களுக்குள் ஒரு முடிவுக்கு வரும் தருவாயில், அவருக்கு வேலை நேரம் முடிந்துவிடும். அந்த ராகங்களில் பலவற்றைப் பற்றிய சர்ச்சை எங்கள் ஊரில் இன்றளவும் தீரவில்லை.

மயிலாப்பூர் லஸ்ஸில் நாகேஸ்வர ராவ் பூங்கா என்று ஒன்று உண்டு. காலையும் மாலையும் அங்கே சுற்றிச் சுற்றி நடந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு வெளியே வருகிறவர்கள் பெயர்ப் பலகையை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தால் போதும், பாதி வலி தீர்ந்துவிடும். ஏனென்றால் அந்தப் பெயருக்கு உரிய காசிநாதுனி நாகேஸ்வர ராவ் பந்துலுதான் 1893-ல் அமிர்தாஞ்சனத்தைத் தோற்றுவித்தவர். நோயையும் மருந்தையும் ஒரே வாசலில் வைத்த இப்படிப்பட்ட தீர்க்கதரிசனம் எல்லா ஊருக்கும் வாய்ப்பதில்லை.

எங்கள் ஊருக்கு வாய்த்தது வேறு. மழைநீர் வடிகாலைப் பற்றிய தீர்மானம் ஒத்திவைக்கப்பட்ட அதே நகரமன்றக் கூட்டத்தில், பொதுமக்களின் தேக ஆரோக்கியத்தையும் மன உல்லாசத்தையும் விருத்தி செய்யும் திட்டம் ஒன்று ஏகமனதாக நிறைவேறிற்று. அதன்படி பூங்காவைப் பல மாதம் பூட்டி வைத்து, பிறகு திறந்தார்கள். திறப்பு விழாவைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. கல்வெட்டில் இடம்பெற்ற பெயர்களைப் படித்து முடிப்பதே ஒரு கண் பயிற்சி என்பதோடு விட்டுவிடலாம். உள்ளே, மஞ்சளும் நீலமுமாக வர்ணம் பூசிய இரும்புக் குழாய்களைக் கொண்டு ஒரு திறந்தவெளி உடற்பயிற்சிக் கூடம் அமைத்திருந்தார்கள். பதினான்கு வயதுக்கு உட்பட்டவர்கள் உபயோகிக்கலாகாது என்று பலகையில் எழுதியிருந்தபடியால், அந்த வயதுக்கு உட்பட்டவர்கள் மாத்திரமே உபயோகித்தார்கள். பெரியவர்கள் அவற்றில் பையையும் குடையையும் மாட்டினார்கள். ஒரு வட்டத் தட்டின்மேல் ஏறி நின்று இடுப்பை இப்படியும் அப்படியும் திருப்பும் கருவி ஒன்று. அதைச் சுண்டல் விற்பவர் ஒருவர் சுவாதீனப்படுத்திக்கொண்டு, தம் அலுமினியக் குண்டானை அதன்மேல் வைத்து, நாலா பக்கத்திலிருந்தும் கேட்பவர்களுக்குத் தாம் நகராமல் குண்டானை மட்டும் சுழற்றிச் சுழற்றி வியாபாரம் செய்தார். அடுத்த மழைக்காலம் முடிந்து பார்த்தபோது மற்றக் கருவிகள் யாவும் துருவேறி இறுகியிருக்க, இந்த ஒன்று மட்டும் விரல் பட்டாலே சுழன்றது. யந்திரங்களுக்குத் தேகாப்பியாசம் எவ்வளவு அவசியம் என்பதை நான் அன்றுதான் உணர்ந்தேன்.

திட்டத்தின் சிகரம் சிரிப்பு வகுப்பு. காலை ஆறு மணிக்குச் சிரிப்பு என்று அறிவிப்புப் பலகையில் நேரம் குறித்திருந்தார்கள். இந்தச் சிரிப்பு யோகத்துக்கு மூலபுருஷர் மதன் கட்டாரியா என்ற பம்பாய் டாக்டர். 1995-ல் அங்கே ஒரு பூங்காவில் நாலைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு ஆரம்பித்தார். ஆரம்ப நாட்களில் ஒவ்வொருவராக நடுவில் வந்து துணுக்குகள் சொல்வதும், மற்றவர்கள் சிரிப்பதுமாக இருந்ததாம். சில நாட்களில் நல்ல துணுக்குகள் தீர்ந்துபோய், நாலு பேர் நடுவில் சொல்லத்தகாதவை தலைகாட்ட, அங்கத்தினர்கள் முகம் சுளித்தார்கள். வகுப்பைக் கலைப்பதற்குப் பதிலாக டாக்டர் துணுக்குகளைக் கலைத்துவிட்டார். காரணமில்லாமலே சிரிக்கலாம், உடம்புக்குப் பலன் ஒன்றுதான் என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அந்த இயக்கம் பல தேசங்களில் பரவியது. நகைச்சுவையை வெளியேற்றிய பிறகே சிரிப்பு செழித்தது என்ற இந்தச் சரித்திர உண்மையை, மாதாந்தரம் பத்திரிகைகளுக்கு நகைச்சுவைக் கட்டுரை எழுதிக் காத்திருக்கும் ஒருவன் எத்தகைய மனோநிலையில் படித்திருப்பான் என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

எங்கள் ஊர்ச் சிரிப்புக்கு வருகைப் பதிவேடு உண்டு. இரு கைகளையும் ஆகாயத்தை நோக்கி உயர்த்தி 'ஹோ ஹோ, ஹா ஹா ஹா' என்று முழக்கிய பிறகு, வரிசையில் நின்று கையெழுத்துப் போட வேண்டும். செலவுக்கு ஆதாரமாக, இடமும் நேரமும் பதிவாகும் புகைப்படம் ஒன்றும் எடுத்து மேலே அனுப்ப வேண்டும். கேமராவைக் கண்டதும் சட்டைப் பொத்தானைப் போட்டு, முதுகை நிமிர்த்தி, முகத்தை இறுக்கிக்கொண்டு நிற்பது எங்கள் தலைமுறையின் சம்பிரதாயம். ஆகவே ஒரு மணி நேரம் ஓயாமல் சிரித்த முப்பது பேரும், துக்கம் விசாரிக்க வந்தவர்களின் தோற்றத்தோடு படத்தில் விழுந்தார்கள். 'பயனாளிகள் சிரித்தமைக்கு ஆதாரம் இணைக்கப்படவில்லை' என்ற குறிப்போடு கோப்பு திரும்பி வந்தது. அந்தக் குறிப்பை ஆசிரியர் வகுப்பில் வாசித்துக் காட்டியபோது எழுந்த சிரிப்புத்தான், அந்த வகுப்பில் நான் கேட்ட முதல் நிஜமான சிரிப்பு. அப்போது பார்த்து யாரும் படம் எடுக்கவில்லை.

இனி, பூங்காவில் எட்டு வடிவத்தில் போட்டிருந்த நடைபாதைக்கு வருகிறேன். 'எட்டுப் போட்டுக் காட்டு' என்பது வண்டி ஓட்ட லைசென்ஸ் கேட்கும் வாலிபனைப் பார்த்து அதிகாரி சொல்லும் வாக்கியம் என்றே எண்ணியிருந்த எங்களுக்கு, அறுபதைக் கடந்த பிறகு அந்தப் பரீட்சை வந்து வாய்த்தது. தெற்கிலிருந்து வடக்கே போக வேண்டும், பாதி நேரம் கழித்துத் திசையை மாற்ற வேண்டும் என்றெல்லாம் ஐதீகம் உண்டு. சித்தர்களைச் சாட்சிக்கு இழுப்பவர்களும் உண்டு. தினம் பத்தாயிரம் அடி நடந்தே தீருவது என்று கைபேசியில் எண்ணிக்கொண்டு வரும் ஒரு நண்பரிடம், அந்தக் கணக்கு 1965-ல் ஜப்பானியக் கம்பெனி ஒன்று அடி எண்ணும் கருவியை விற்பதற்காகப் பரப்பிய முழு எண் என்று எடுத்துச் சொன்னேன். அவர் பதில் சொல்ல நின்றார். நின்றதில் அடிகள் குறைந்துவிட்டனவென்று என்மேல் வருத்தம்.

எட்டின் உண்மையான மகிமை அதன் இடுப்பில் இருக்கிறது. வட்டமான பாதையில் விரோதிகள் இருவர் நடந்தால், ஒரே வேகத்தில் ஒருவர் பின் ஒருவராக, ஆயுள் முழுவதும் முகத்தில் விழிக்காமல் காலம் தள்ளலாம். எட்டில் அது நடக்காது; ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை நடுச்சந்தியைக் கடந்தே ஆகவேண்டும். எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவருக்கும், அடுத்த வீட்டு ஜவுளிக்கடை முதலாளிக்கும் இடையே காம்பவுண்டுச் சுவர் நான்கு அங்குலம் தள்ளி எழுந்துவிட்டது பற்றி முனிசீப் கோர்ட்டில் வியாஜ்யம். வாய்தா தவிர வேறு எதிலும் அவர்கள் சந்தித்துக்கொண்டதில்லை. அவ்விருவரையும் இருவேறு டாக்டர்கள் ஒரே பூங்காவுக்கு அனுப்பி வைத்தார்கள். முதல் நாளே இருவரும் நடுச்சந்தியில் எதிர்ப்பட்டு நின்றுவிட்டார்கள். வழி விட்டால், அது வழிநடைப் பாத்தியதையை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று தாசில்தார் அஞ்சினார். சட்டம் தெரிந்தவர் விடாமல் நிற்கும்போது நாம் விட்டால் ஏதோ விபரீதம் உண்டென்று முதலாளி அஞ்சினார். பின்னால் வந்தவர்கள் நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் வந்தவர்களும் நின்றார்கள். சுண்டல்காரர் குண்டானைச் சுழற்றலானார்.

இந்த நிலைமை வெகுகாலம் நீடித்தது. ஒரு நாள் நடுச்சந்தி விளக்கு அணைந்துபோயிற்று. இருட்டில் இருவரும் தோளோடு தோள் மோதிக்கொண்டார்கள்.

"யாரது?"

"நான்தான் சார்."

"முதலாளியா? அடி கிடி படலையே?"

"இல்ல சார். ஒரு லைட்டைப் போட துப்பில்ல பாருங்க இவங்களுக்கு. வரி மட்டும் கரெக்டா வாங்கிடறாங்க."

"அதைச் சொல்லுங்க!" என்று தாசில்தார் அவர் கையைப் பற்றிக்கொண்டு சிமெண்டு பெஞ்சுக்கு அழைத்துச் சென்றார். அன்றிரவு காவலாளி விசில் ஊதி வெளியேற்றும் வரையில் அவர்கள் நகராட்சியைத் திட்டினார்கள். தாசில்தாரின் சோகை படிந்த முகத்தில் ரத்தம் ஊறுவதை நான் கண்ணாரக் கண்டேன்.

மறுநாளிலிருந்து மகஜர் தயாராகலாயிற்று. 'மேற்படி பூங்காவின் மேற்படி நடைபாதையின் மேற்படி விளக்கு' என்று தாசில்தார் சொல்லச் சொல்ல, முதலாளி கடைக் கணக்கு எழுதும் கையெழுத்தில் எழுதினார். சிரிப்பு வகுப்பிலிருந்து ஆட்கள் ஒவ்வொருவராக நழுவி வந்து பெஞ்சைச் சூழ்ந்தார்கள். தெருநாய், கொசு, 1970-களில் போட்ட தார் ரோடு, தம் பாட்டனார் காலத்துச் சேர்மன் என்று அவரவர் மனக்குறைகள் ஒன்றன்பின் ஒன்றாக மகஜரில் ஏறின. நடை நின்றது, எட்டு நின்றது; கேலியும் சிரிப்பும் மதிற்சுவருக்கு அப்பால் கேட்டன. அடுத்த வாய்தாவுக்கு இரு கட்சியாரும் ஆஜராக மறந்துவிட்டதாக வக்கீல் குமாஸ்தா வந்து சொல்லிவிட்டுப் போனார்.

இந்தச் சமயத்தில்தான் நகராட்சி எங்கள்மீது கருணை இல்லாமல் நடந்துகொண்டது. மகஜர் ஒன்பதாவது பக்கத்தை எட்டியிருந்தபோது, யாரும் கேட்காமலே, ஏணியோடு ஓர் ஆள் வந்து புது விளக்கை மாட்டிவிட்டுப் போய்விட்டார். சாயங்காலம் வந்தவர்கள் அந்தப் பட்டப்பகல் வெளிச்சத்தில் கையில் காகிதங்களோடு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். "இதுக்குத்தான் சார் இவங்கள நம்பவே கூடாது" என்றார் முதலாளி, தழுதழுத்த குரலில். தாசில்தார் பேசாமல் எழுந்துபோய்ப் பூங்காவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். வந்தவர் முகத்தில் தெளிவு இருந்தது. குடிநீர்க் குழாயின் அடியில் ஒரு கசிவு இருக்கிறதாம்.

புதிய மகஜர் அப்போதே ஆரம்பமாயிற்று. முதலாளி பழைய வாடிக்கைப்படி, 'ஆகவே சமூகம் அவர்கள் உடனடியாக நடவடிக்கை எடுக்கும்படி' என்று எழுதினார். தாசில்தார் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அதை ஒருமுறை படித்து, பேனாவை வாங்கி, 'உடனடியாக' என்ற வார்த்தையை நிதானமாக அடித்து, அடித்தலுக்குப் பக்கத்தில் தம் சுருக்கொப்பத்தையும் இட்டு, அதன் கீழ் எதிர்க்கட்சியாரின் சுருக்கொப்பத்தையும் வாங்கிக்கொண்டார். சபையில் யாரும் ஆட்சேபிக்கவில்லை.