பெட்டியில் வரும் போர்ட்

கேள்வி: போர்ட் ஒயின் மன்றத்தில் சந்தா கட்டினால் மூன்று மாதத்துக்கு ஒரு பெட்டி வீட்டுக்கே வருமாம். சேரலாமா? (லண்டன் வாசகர் ஒருவர்)

பதில்: பெட்டிக்குள் என்ன வருகிறது என்று முதலில் கேளுங்கள். சாதாரண ரூபி மட்டும் என்றால் வேண்டாம், அது தெருமுனைக் கடையிலேயே கிடைக்கும். இருபது வருட டானி, ஒரே வருட அறுவடையை ஏழு வருடமாவது பீப்பாயில் வைத்திருந்த கொல்யெய்ட்டா என்று தேடி அலைய வேண்டியவை வந்தால், தாராளமாகச் சேருங்கள்.

போர்ட் பிறக்கும் போர்ச்சுகலின் டூரோ பள்ளத்தாக்கில் திராட்சைச் சாறு பாதி புளிக்கும்போதே திராட்சைச் சாராயத்தை ஊற்றிப் புளிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். இனிப்பு தங்குகிறது, ஆல்கஹால் சுமார் 20 சதவீதத்துக்கு ஏறுகிறது. டானி பீப்பாயிலேயே காற்றுப் பட்டுப் பழகியது, அதனால் திறந்த பிறகும் சில வாரம் தாங்கும். பாட்டிலில் முதிரும் வின்டேஜ் அப்படியல்ல. மூடியிருக்கும்வரை மகள் கல்யாணத்துக்கும் காத்திருக்கும். திறந்தால் இரண்டு மூன்று நாள்தான். உறவுக்காரர்களைக் கூப்பிட்டுவிட்டுத் திறவுங்கள்!

வின்டேஜைப் படுக்க வையுங்கள், தக்கை காயக்கூடாது. டானி நின்றபடியே இருக்கட்டும். பெட்டி வரும் நாளில் பெரியவர் ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும், வயது பார்த்துத்தான் கொடுப்பார்கள். ஜூலை, ஆகஸ்ட் பெட்டியை மட்டும் தள்ளிப்போடச் சொல்லுங்கள்: இருபது வருடம் பொறுமையாக இருந்த டானி, ஒரு மதியம் வேனுக்குள் வெந்துபோகலாமா?